64 பைட் பாக்கெட்டில் மூச்சு வாங்கும் டிரைவர்: ரிசீவ் லூப்பில் கேச் மிஸ்ஸைத் தவிர்ப்பது எப்படி?

#1 ரிங்பஃபர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம்ல ஒரு எஃப்பிஜிஏ (நாமே சர்க்யூட்டை மாத்தி எழுதக்கூடிய சிப்) நெட்வொர்க் கார்டு செய்றாங்க, அதுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுறது என் பொறுப்பு. 10 ஜிகாபிட், இப்போதைக்கு ஒரே ரிசீவ் க்யூ, அதுக்கு ஒரே கோர். பெரிய பாக்கெட்னா லைன் ரேட் (கம்பியோட முழு வேகம்) சுளையா வருது. 64 பைட் பாக்கெட் அனுப்பினா பாதி வேகத்தைத் தொடுறதுக்குள்ள கார்டோட டிராப் கவுன்டர் ஏற ஆரம்பிச்சிடுது. அந்த நேரத்துல கோர் முழுக்க சாஃப்ட் ஐஆர்க்யூவிலதான் (கர்னல் பாக்கெட்டைக் கையாள்ற இடம்) இருக்கு.

நேரம் எங்க செலவாகுதுன்னு காட்டுற பெர்ஃப் டாப்ல முதல் வரிசையில நிக்கிறது எத்_டைப்_டிரான்ஸ், அதாவது பாக்கெட்டோட வகையைக் கண்டுபிடிக்கிற கர்னல் ஃபங்ஷன். அனொட்டேட் பண்ணிப் பார்த்தா, ஈதர்நெட் ஹெட்டர்ல டெஸ்டினேஷன் முகவரியைப் படிக்கிற லோடுக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன்லதான் கிட்டத்தட்ட எல்லா சாம்பிளும் விழுது. இது கேச் மிஸ்தான்னு, அதாவது தேடுற டேட்டா கேச்ல இல்லாம கோர் காத்திருக்குதுன்னு புரியுது. அதனால எஸ்கேபி-யை (பாக்கெட்டோட விவரங்களை வச்சிருக்கிற கர்னல் ஸ்ட்ரக்சர்) தயார் பண்றதுக்கு முன்னாடி பாக்கெட் டேட்டாவுக்கு ஒரு ப்ரீஃபெட்ச் (முன்கூட்டியே கேச்சுக்குக் கொண்டு வரச் சொல்றது) போட்டேன். துளி மாற்றம் இல்ல. பிரபல டிரைவர்கள்லயும் இதே இடத்துலதான் ப்ரீஃபெட்ச் இருக்கு. ஏன் இங்க எடுபடல?

#2 கேச்லைன்64

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், அப்போதுதான் எதை எதிர்த்து நிற்கிறோம் என்று தெரியும். 64 பைட் ஃபிரேமோடு ப்ரீஆம்பிள் 8 பைட், ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி 12 பைட் சேர்த்தால் கம்பியில் 84 பைட். 10 ஜிகாபிட்டில் அது கடந்து போக 67.2 நானோ செகண்ட். அதாவது நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் ஒரு பாக்கெட்டுக்கு உங்கள் கையில் இருப்பது சுமார் 200 சைக்கிள். சர்வர் மெஷினில் டிராம் (மெயின் மெமரி) வரை போய் வரும் ஒரு கேச் மிஸ்ஸுக்கு 80 முதல் 100 நானோ செகண்ட் ஆகும். ஒரே ஒரு மிஸ், ஒரு பாக்கெட்டுக்கான மொத்த நேரத்தையும் தின்றுவிட்டு அடுத்த பாக்கெட்டின் நேரத்திலும் கை வைக்கிறது. 1500 எம்டியு பாக்கெட்டில் 1230 நானோ செகண்ட் இருப்பதால் அதே மிஸ் கண்ணில் படுவதில்லை.

இப்போது ப்ரீஃபெட்ச். அது நினைவகத்துக்கு ஒரு கோரிக்கை போடுகிறது, அவ்வளவுதான். கோரிக்கை போட்ட பிறகு 200, 300 சைக்கிளுக்கு வேறு வேலை இருந்தால்தான் பலன். உங்கள் லூப்பில் ப்ரீஃபெட்சுக்கும் எத்_டைப்_டிரான்ஸுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? எஸ்கேபி-யில் நீளத்தை எழுதுவது, செக்சம் கொடியை வைப்பது, மிஞ்சிப் போனால் சில டஜன் இன்ஸ்ட்ரக்ஷன். காத்திருப்பின் ஓரத்தை மட்டும் அது கொறிக்கும்.

"ப்ராசஸர்தான் இன்ஸ்ட்ரக்ஷனை வரிசை மாற்றி ஓட்டும் அவுட் ஆஃப் ஆர்டர் ஆச்சே, அடுத்த பாக்கெட்டின் லோடை அதுவே முன்கூட்டி எடுக்காதா" என்று கேட்கலாம். எடுக்காது. இன்டெலின் ஸ்கைலேக்கில் ரீஆர்டர் பஃபர், அதாவது இன்னும் முடியாத இன்ஸ்ட்ரக்ஷன்கள் காத்திருக்கும் ஜன்னல், 224 இடம். ஒரு பாக்கெட் கர்னல் ஸ்டாக்கில் ஏறி இறங்க ஆயிரத்துக்கு மேல் இன்ஸ்ட்ரக்ஷன் ஆகும். அடுத்த பாக்கெட் அந்த ஜன்னலுக்குள்ளேயே வராது. பாக்கெட்டை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும்வரை மிஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரிசை கட்டும். லூப்பின் வடிவத்தை மாற்றாமல் ப்ரீஃபெட்சை இங்கும் அங்கும் நகர்த்துவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

#3 தறிநெசவு

கொஞ்சம் பொறுங்க. லூப்பை உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த லோடு ஏன் டிராம் வரைக்கும் போகணும்? 2012-ல வந்த ஜியான் இ5-ல இருந்து இன்டெல் சர்வர்கள்ல டிடிஐஓ இருக்கு. கார்டு டிஎம்ஏ-ல (சிபியு உதவி இல்லாம நேரடியா) எழுதுறது நேரா எல்3 கேச்சுக்குள்ள (கோர்கள் பகிர்ந்துக்கிற பெரிய கேச்) வந்து உக்காரணும். அப்படி உக்காந்திருந்தா மிஸ் ஆனாலும் எல்3 வரைக்கும்தான் போகும், 20 நானோ செகண்ட் சுமாருக்கு முடிஞ்சிடும்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. கார்டு எந்த சாக்கெட்ல (ப்ராசஸர் சிப்ல) இருக்கு, ஐஆர்க்யூ (கார்டு அனுப்புற இன்டரப்ட்) ஓடுற கோர் எந்த சாக்கெட்ல இருக்கு? டிடிஐஓ கார்டு செருகியிருக்கிற சாக்கெட்டோட எல்3-ல மட்டும்தான் வேலை செய்யும். கோர் வேற சாக்கெட்ல இருந்தா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாக்கெட் தாண்டிப் போகணும். அடுத்தது, ரிங் (கார்டும் டிரைவரும் பகிர்ந்துக்கிற பஃபர் வரிசை) சைஸ் எவ்வளவு?

#4 ரிங்பஃபர்

தறிநெசவு அண்ணா, கார்டும் கோரும் ஒரே சாக்கெட்தான், நியூமா நோடு பார்த்து ஐஆர்க்யூவைக் கட்டிப் போட்டிருக்கேன். ரிங்ல 4096 டிஸ்கிரிப்டர் (ஒரு பஃபரோட முகவரியும் நிலையும் இருக்கிற பதிவு). டிராப் வரக்கூடாதுன்னு பெருசா வச்சோம். ரீஃபில் பண்ணும்போதே ஒவ்வொரு இடத்துக்கும் எஸ்கேபி அலோகேட் பண்ணி, அதோட டேட்டா பஃபரை கார்டுக்குக் குடுக்கிறேன். பஃபர் 2048 பைட்.

#5 முகிலி

ரீஃபில்லிலேயே எஸ்கேபி அலோகேட் பண்றீங்களா தம்பி? அங்கேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கு.

எஸ்கேபி ஸ்ட்ரக்சர் 64 பைட் கேச் லைன் கணக்கில் 4 லைன் பிடிக்கும். அலோகேட் ஆகும்போது அதை பூஜ்யமாக்கி எழுதுவதால் கேச்சில் சூடாக இருக்கும். ஆனா நீங்க அதை ரிங்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீங்க. 4096 இடம் சுற்றி வந்து அந்த எஸ்கேபி-யைத் திரும்பத் தொடும்போது அது எல்1, எல்2 ரெண்டிலிருந்தும் வெளியேறி ரொம்ப நேரமாகியிருக்கும். 4096-ஐ 4 லைனால் பெருக்கினால் 1 எம்பி, எஸ்கேபி-க்கு மட்டும். அதாவது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டேட்டா மிஸ்ஸுக்கு முன்னாலேயே எஸ்கேபி மிஸ்கள் நடக்குது. பெர்ஃபில் எத்_டைப்_டிரான்ஸ் மேலே நிற்பதால் மற்றவை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதுக்குத்தான் 2011-ல் பில்ட்_எஸ்கேபி வந்தது. ரிங்கில் வெறும் பஃபரை மட்டும் வைங்க. பாக்கெட் வந்த பிறகு எஸ்கேபி-யை எடுத்து பஃபரைச் சுற்றிக் கட்டுங்க. இப்போதுதான் விடுவிக்கப்பட்ட எஸ்கேபி திரும்பக் கிடைப்பதால் சூடாகவே இருக்கும். 5.12 கர்னலுக்கு மேல் என்றால் நாப்பி_பில்ட்_எஸ்கேபி எடுத்துக்கோங்க. அது ஒவ்வொரு கோருக்கும் தனியா ஒரு எஸ்கேபி சேமிப்பு வைத்திருக்கு, தீர்ந்தால் பல எஸ்கேபி-யை ஒரே மூச்சில் ஸ்லாபிலிருந்து (கர்னலோட மெமரி அலோகேட்டர்) எடுக்கும்.

பஃபருக்கும் பேஜ் பூலுக்கு (பேஜ்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சேமிப்பு) மாறிடுங்க. 4.18-லிருந்து இருக்கு. 5.14-லிருந்து எஸ்கேபி விடுவிக்கப்படும்போது பேஜ் தானாகப் பூலுக்குத் திரும்பவும் வழி உண்டு. டிஎம்ஏ மேப்பிங்கை ஒருமுறை செய்தால் போதும், பேஜ் அலோகேட்டர் பக்கமே போக வேண்டாம்.

பில்ட்_எஸ்கேபி-யில் ஒரு விலையும் இருக்கு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பஃபரின் கடைசியில் ஷேர்டு_இன்ஃபோ (எஸ்கேபி-யோட கூடுதல் விவரங்கள்) உட்காரும். அதன் தொடக்கப் பகுதியை பூஜ்யமாக்குவாங்க. 64 பைட் பாக்கெட்டில் கார்டு அந்த இடத்தில் எதையும் எழுதியிருக்காது, அதனால் டிடிஐஓ அதைக் கேச்சுக்குக் கொண்டு வந்திருக்காது. எழுதுவதற்காகவே ஒரு மிஸ். பாக்கெட் தலைப்பகுதிக்கு ப்ரீஃபெட்ச் போடும் அதே இடத்தில் இதுக்கும் எழுதும் வகை ப்ரீஃபெட்ச் ஒன்று போடணும். இதை நிறையப் பேர் கவனிக்கறதே இல்லை.

#6 கேச்லைன்64

முகிலி சொன்னதை முதலில் செய்யுங்கள், அது அடித்தளம். அதன் பிறகு லூப்பை இரண்டாகப் பிரியுங்கள். சற்று நெருங்கியே பார்ப்போம்.

முதல் சுற்று டிஸ்கிரிப்டர்களை மட்டும் பார்க்கும். ரிங்கின் தற்போதைய இடத்திலிருந்து தொடங்கி, டிஸ்கிரிப்டரின் முடிந்தது என்ற பிட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் டிஎம்ஏ ரீட் பேரியர், அதன் பிறகுதான் நீளத்தையும் மற்றவற்றையும் படிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பழைய நீளத்தைப் படித்துவிடும் ஆபத்து உண்டு. அடுத்து பஃபரை சிபியு-வுக்காக சிங்க் செய்து (கார்டு எழுதியதை சிபியு சரியாகப் பார்க்கும்படி), டேட்டாவின் முதல் லைனுக்கும் ஷேர்டு_இன்ஃபோ லைனுக்கும் ப்ரீஃபெட்ச். பஃபர் முகவரி, நீளம், ஹாஷ், செக்சம் நிலை ஆகியவற்றை ஸ்டாக்கில் ஒரு சிறு அர்ரேயில் குறித்துக்கொண்டு அடுத்த டிஸ்கிரிப்டருக்கு நகருங்கள். பிட் எரியாத முதல் டிஸ்கிரிப்டரிலோ ஒரே தடவையில் எடுக்கும் கட்டின் அளவு நிரம்பியதுமோ நிறுத்துங்கள். பாக்கெட்டின் ஒரு பைட்டைக்கூட இந்தச் சுற்றில் தொடக்கூடாது. வீஎல்ஏஎன் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் ஒற்றை வரி போதும், முழு உழைப்பும் வீண்.

இரண்டாம் சுற்றில் அந்த அர்ரேயை முதலிலிருந்து எடுத்து எஸ்கேபி கட்டுங்கள், எத்_டைப்_டிரான்ஸ், பிறகு பாக்கெட்டை ஸ்டாக்குக்கு அனுப்பும் நாப்பி_ஜிஆர்ஓ_ரிசீவ். முதல் பாக்கெட் கொஞ்சம் காத்திருக்கலாம். அதற்குள் மற்றவற்றின் லைன்கள் வந்துகொண்டே இருக்கும். மிஸ்களின் எண்ணிக்கை குறைந்ததா என்றால், இல்லை. அவை ஒரே நேரத்தில் நடக்கின்றன. எட்டு மிஸ்ஸுக்கு எட்டு மடங்கு காத்திருந்தது போய், ஒன்றுக்குக் காத்திருக்கும் நேரத்தோடு முடிகிறது.

சிங்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்86-ல் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்பதால் ப்ரீஃபெட்சுக்குப் பிறகு போட்டாலும் ஓடிவிடும். டிஎம்ஏ கோஹரன்ட் இல்லாத ஆர்ம் போர்டில் அதே கோடு, கொண்டு வந்த லைனையே செல்லாததாக்கிவிடும். சிங்க் முதலில், ப்ரீஃபெட்ச் பிறகு.

#7 அணில்பிள்ளை

கட்டின் அளவு எவ்வளவு வைக்கிறது? நாப்பி (கர்னலோட பாக்கெட் போலிங் முறை) பட்ஜெட், அதாவது ஒரு தடவைக்கு எடுக்கிற பாக்கெட்டோட உச்சவரம்பு, 64 தானே, அப்படியே 64 வச்சிடலாமா?

#8 கேச்லைன்64

வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 32 கேபி, 8 வழி எல்1 கேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 64 செட், ஆக ஒரு வழிக்கு 4096 பைட். ஒரு லைன் எந்தச் செட்டில் போகும் என்பதை அதன் முகவரிதான் தீர்மானிக்கும், ஒரு செட்டில் வழிக்கு ஒன்றாக எட்டு லைன்தான் அடங்கும். அவருடைய பஃபர்கள் 2048 பைட் இடைவெளியில், எல்லாவற்றிலும் ஹெட்ரூம் (பஃபரின் தொடக்கத்தில் விடும் காலி இடம்) ஒரே அளவு. அப்படியானால் எல்லாப் பாக்கெட்டின் முதல் லைனும் மொத்தமே இரண்டு செட்டில்தான் போய் விழும். இரண்டு செட், எட்டு வழி: 16 லைன். பதினேழாவது பாக்கெட்டின் தலைப்பகுதி வரும்போது இதே கட்டில் கொண்டு வந்த ஒன்று எல்1-லிருந்து வெளியேற வேண்டும். 64-க்குப் போட்டால் நாமே கொண்டு வந்ததை நாமே துரத்துவோம். எல்2-வில் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்றாலும், சுளையான பலன் போய்விடும். ஒரு பேஜுக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தால் இடைவெளி 4096, ஒரே செட், எட்டே லைன்!

இன்னொரு பக்கம், ஒரு கோர் ஒரே நேரத்தில் வெளியே வைத்திருக்கக்கூடிய எல்1 மிஸ்களே இன்டெலில் 10, 12 என்ற அளவில்தான். அவற்றைக் குறித்து வைக்கும் லைன் ஃபில் பஃபர் தீர்ந்தால் அடுத்த ப்ரீஃபெட்ச் வரிசையில் நிற்கும். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு லைன் கேட்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். நான் 8-ல் தொடங்கி அளந்து பார்ப்பேன். கர்னலைத் தவிர்த்து பாக்கெட் கையாளும் மென்பொருட்களில் டிபிடிகே பெரும்பாலும் 32 பாக்கெட்டாக எடுக்கிறது, விபிபி 256 வரை போகிறது. ஆனால் அவை எடுத்த மொத்தத்துக்கும் ஒரேயடியாக ப்ரீஃபெட்ச் போடுவதில்லை. சில பாக்கெட் முன்னால் ஓடுகிற மாதிரிதான் போடுகின்றன. விபிபி-யின் பெரிய கட்டு முக்கியமாக இன்ஸ்ட்ரக்ஷன் கேச்சுக்காக: ஒரு கட்டத்தின் கோடு எல்1-ல் இருக்கும்போதே எல்லாப் பாக்கெட்டையும் அதன் வழியாக அனுப்பிவிடுவது.

#9 முகிலி

இன்ஸ்ட்ரக்ஷன் கேச் என்றதும் ஒன்று. லினக்ஸில் அதே எண்ணம் 4.19-ல் பாக்கெட் பட்டியலாக மேலே அனுப்பும் நெட்இஃப்_ரிசீவ்_எஸ்கேபி_லிஸ்ட் ஆக வந்தது. 5.4-லிருந்து ஜிஆர்ஓ (ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒட்டும் வசதி) ஒட்டாத பாக்கெட்டுகளையும் அப்படிப் பட்டியலாக்கி அனுப்புது, ஜிஆர்ஓ_நார்மல்_பேட்ச் என்று ஒரு சிஸ்கண்ட்ரோல் (கர்னல் அமைப்பு), இயல்பாக 8. டிரைவரில் நீங்க எதுவும் எழுத வேண்டாம், 5.5-லிருந்து நாப்பி_ஜிஆர்ஓ_ரிசீவ் கூப்பிட்டாலே கிடைக்கும்.

டிரைவருக்கு மேலே இருக்கிற மிஸ்களை நீங்க தொட முடியாது, ஆனா கர்னலைப் புதுசாக்கலாம். 6.8-ல் நெட்_டிவைஸ், டிசிபி_சாக் போன்ற ஸ்ட்ரக்சர்களின் ஃபீல்டுகளைக் கேச் லைன் கணக்குப் பார்த்து மாற்றி அடுக்கியிருக்காங்க. ஏராளமான டிசிபி இணைப்புகள் ஒரே நேரத்தில் இருக்கும்போது 40 சதவீதம் வரை முன்னேற்றம் என்று அந்த வெளியீட்டிலேயே குறிப்பிட்டாங்க. ஃபீல்டை இடம் மாற்றியதற்கே அவ்வளவு. உங்க ரிங் ஸ்ட்ரக்சரையும் ஒருமுறை, ஃபீல்டு அடுக்கைக் காட்டும் பாஹோல் வைத்துப் பாருங்க. புள்ளிவிவரக் கவுன்டரை வேறு கோர் எழுதுற ஃபீல்டோட ஒரே லைனில் வைத்திருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த லைன் இரண்டு கோருக்கு நடுவில் இழுபடும். பெர்ஃப் சி2சி அதைக் காட்டிக் கொடுக்கும்.

#10 தறிநெசவு

என் கேள்விக்கு இன்னும் முழு விடை வரல, நானே தொடர்றேன். டிடிஐஓ புதுசா இடம் ஒதுக்கும்போது எல்3-யோட எல்லா வழியையும் எடுத்துக்காது, இயல்பா ரெண்டு வழிதான். 20 எம்பி, 20 வழி எல்3-ன்னா 2 எம்பி. ரிங் 4096, பஃபர் 2048 பைட், மொத்தம் 8 எம்பி. பெரிய பாக்கெட் வந்து எல்லா பஃபரும் நிரம்பும்போது, சிபியு பின்தங்கினா கார்டு புதுசா எழுதுறது படிக்காத பழசை டிராமுக்குத் தள்ளிடும். அப்புறம் அதையே டிராம்ல இருந்து திரும்பப் படிக்கணும்.

64 பைட்டுக்கு ஒரு லைன்தானே, 4096 லைன் 256 கேபிதானேன்னு தோணும். ஆனா கேச்லைன் எல்1-க்குச் சொன்ன அதே செட் சிக்கல் இங்கயும் உண்டு. 2048 இடைவெளியில முகவரியோட 6-லிருந்து 10 வரைக்கும் பிட்டுகள் மாறவே மாறாது. எல்3-யோட ஸ்லைஸ்கள்ல (துண்டுகள்ல) பரவினாலும் ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் 32-ல் ஒரு பங்கு செட்தான் பயன்படும். 2 எம்பி-யில 32-ல் ஒரு பங்கு 64 கேபி, அதாவது 1024 லைன். 4096 அதுல எப்படி அடங்கும்?

ரிங்கை 512 ஆக்குங்க. ஈத்டூல்ல ஒரு கட்டளை, கோடே தொட வேண்டாம்.

#11 கேச்லைன்64

இதில் மட்டும் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. ரிங்கைச் சுருக்குவது சரியான திசைதான், ஆனால் 512 என்றால் 64 பைட் லைன் ரேட்டில் 34 மைக்ரோ செகண்டுக்குத்தான் தாங்கும். கோர் ஐடில் நிலையிலிருந்து எழுவது, வேறு ஒரு சாஃப்ட் ஐஆர்க்யூ ஓடி முடிவது, இவையே அதைத் தாண்டிவிடலாம். கேச்சுக்காகச் சுருக்கி, திடீர் வெள்ளத்தில் டிராப் வாங்குவதா? 1024 வைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு பஃபரின் ஹெட்ரூமையும் 64, 128, 192 என்று சுழற்சியாகத் தள்ளி வைத்தால் செட் மோதலே குறையும். எஃப்பிஜிஏ என்பதால் எந்த முகவரி கொடுத்தாலும் கார்டு எழுதும்.

#12 ரிங்பஃபர்

எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மாத்தி, ஒவ்வொரு தடவையும் பெர்ஃப் எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன பேஜ் பூலும் நாப்பி_பில்ட்_எஸ்கேபி-யும் போட்டதுமே நல்ல ஏற்றம். ரெண்டு சுற்று லூப், கட்டு 8: எத்_டைப்_டிரான்ஸ் பட்டியல்ல கீழ இறங்கிடுச்சு. 16-க்கும் 8-க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, 32-ல தெளிவா மோசம். ரிங் 1024, ஹெட்ரூம் சுழற்சியோட வச்சிருக்கேன். 512-ல கேச் லோடு மிஸ் இன்னும் குறைஞ்சது உண்மைதான் அண்ணா, ஆனா வெடிச்சு வர்ற டிராஃபிக்ல டிராப் வந்துச்சு.

இப்ப முதல் இடத்துல நிக்கிறது, புது பாக்கெட் வந்திருக்கான்னு பார்க்கிற என் போல் (poll) ஃபங்ஷனே. முடிந்தது பிட்டைப் படிக்கிற இடம். டிஸ்கிரிப்டர் 16 பைட், ஒரு லைனுக்கு நாலு. வரிசையா படிக்கிறதால ஹார்டுவேர் ப்ரீஃபெட்சரே பார்த்துக்கும்னு நினைச்சிருந்தேன்.

#13 தறிநெசவு

அந்த லைனை நீங்களும் கார்டும் மாத்தி மாத்தித் தொடுறீங்க. நீங்க முதல் டிஸ்கிரிப்டரைப் படிக்கிறீங்க, லைன் உங்க எல்1-க்கு வருது. கார்டு ரெண்டாவதை எழுதுது, உங்க நகல் செல்லாமப் போகுது. திரும்பப் படிக்கிறீங்க, மிஸ். நாலு டிஸ்கிரிப்டருக்கு நாலு மிஸ். ப்ரீஃபெட்சர் முன்கூட்டி எடுத்து வச்சாலும் கார்டு எழுதினதும் அது வீண், சொல்லப்போனா இழுபறி கூடும். அதோட 16 பைட் எழுதுறது முழு லைன் இல்ல, மீதி 48 பைட்டோட சேர்த்து வைக்கிற வேலையும் உண்டு. முழு 64 பைட்டா எழுதினா அந்த வேலை இல்ல.

மத்தவங்களுக்குக் கிடைக்காத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு தம்பி, கார்டே உங்க டீமோடது. நாலு டிஸ்கிரிப்டரைச் சேர்த்து, 64 பைட் எல்லையில ஒரே டிஎம்ஏ-வா எழுதச் சொல்லுங்க. ஹாஷும் பாக்கெட் வகையும் டிஸ்கிரிப்டர்லயே வரட்டும், யாரும் டேட்டாவைத் தொட்டு ஹாஷ் கணக்கிட வேண்டாம்.

#14 அணில்பிள்ளை

பாக்கெட் குறைவா வரும்போது நாலு சேரும்வரைக்கும் கார்டு காத்திருந்தா லேட்டன்சி கெட்டுப் போகாதா? லூப்பைக் கட்டா எடுக்கிறதுலயும் எனக்கு அதே சந்தேகம்.

#15 கேச்லைன்64

லூப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. அது எதற்கும் காத்திருப்பதில்லை, தயாராக இருப்பதை மட்டும் எடுக்கிறது. ஒரே பாக்கெட் இருந்தால் கட்டின் அளவு ஒன்று. கார்டில் மட்டும் கவனம் வேண்டும். ரிசீவ் ஃபிஃபோவில் அடுத்த பாக்கெட் இல்லை என்றால் சேர்த்ததை உடனே எழுதிவிட வேண்டும். இன்டரப்ட் இயக்கத்தில் இருக்கும்போதும் சேர்க்காமல் உடனே எழுத வேண்டும், ஏனென்றால் அப்போது டிரைவர் போலிங் செய்யவில்லை, லைனுக்கு யாரும் போட்டியும் இல்லை. போலிங் நடக்கிறபோது, பின்னால் பாக்கெட் வரிசையில் நிற்கிறபோது மட்டும் நான்காகச் சேர்த்தால் போதும்.

#16 ரிங்பஃபர்

நாப்பி_கம்ப்ளீட்_டன் முடிச்சதும் இன்டரப்ட் மாஸ்க்கை எடுக்கிற ரெஜிஸ்டர் எழுத்து எப்படியும் கார்டுக்குப் போகுது. சேர்க்கலாமா வேண்டாமாங்கிறதை அதே பிட்டை வச்சே கார்டு முடிவு பண்ணிக்கலாம், தனி ரெஜிஸ்டர் தேவையில்ல. ஆர்டிஎல் (கார்டோட ஹார்டுவேர் கோடு) எழுதுறவங்ககிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. புது பிட்ஸ்ட்ரீம் (எஃப்பிஜிஏ-வுல ஏத்துற ஃபைல்) வந்ததும் போல் ஃபங்ஷனோட அனொட்டேட் இங்க போடுறேன்.